விதைநெல்

எங்கள் வீட்டில் ஒரு நீலக் கொப்பி இருக்கிறது. 2008 இல் தொடங்கியது. ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணி ஒவ்வொரு வருடமும் ட்ராஃப்ட் என்ற இளம் ஆட்டக்காரர் தெரிவில் எடுக்கும் பையன்களின் பெயர்களை அதில் எழுதி வருகிறேன். பெயர், ஊர், எத்தனையாவது தெரிவு. வருடங்கள் போகப் போகப் பெயருக்குப் பக்கத்தில் ஏதாவது சேரும்: முதல் ஆட்டம், முதல் கோல், வேறு அணிக்குப் போன திகதி. பெரும்பாலான பெயர்களுக்குப் பக்கத்தில் இன்னும் வெறுமைதான். பதினெட்டு வயதில் நீலச் சட்டை போட்டுச் சிரித்துவிட்டு, அதன் பிறகு எங்கள் கண்ணில் படாமலே போனவர்கள்.

1992 இலையுதிர் காலத்தில் ஸ்காபரோவுக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. அடுத்த வசந்தத்தில் லீஃப்ஸ் அரையிறுதித் தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டம் வரை போனது. எங்கள் அடுக்குமாடியின் வாகனத் தரிப்பிடத்தில் ரெனிஸ் பந்தை வைத்து ஹொக்கி விளையாடிய பொடியன்கள் எல்லாருமே லீஃப்ஸ் நட்சத்திரம் டக் கில்மராக இருக்க ஆசைப்பட்ட காலம். 1993 மே 29 இரவு லொஸ் ஏஞ்சலிஸின் வேய்ன் கிரெட்ஸ்கி மூன்று கோல் அடித்தார். 5-4. அன்று போர்வைக்குள் அழுதேன். இந்த ஊர் என் ஊர் ஆனது அந்த இரவில்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அப்பாவுக்கு ஹொக்கி தெரியாது. கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்தவர். இங்கே வந்து தொழிற்சாலையில் இரவு வேலை. சனிக்கிழமை இரவு மட்டும் வீட்டில் இருப்பார், சனிக்கிழமை இரவுதான் தொலைக்காட்சியில் லீஃப்ஸ் ஆட்டம். அதனால் என்னோடு இருந்து பார்க்கத் தொடங்கினார். பக் என்ற அந்த ரப்பர் வட்டு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது அவருக்கு அவ்வளவாகப் பிடிபடாது. ஆனால் யார் எதைக் கொடுத்து எதை வாங்கினார்கள் என்பதில் அவருக்குக் கண் இருந்தது.

2009 செப்டெம்பரில் லீஃப்ஸ் பொஸ்டனிடமிருந்து ஃபில் கெசலை வாங்கியது. இருபத்தொரு வயது, வேகம், அசாத்தியமான சுடும் கை. நான் துள்ளிக் குதித்தேன்.

"அவனுக்குப் பதிலா இவங்கள் என்னத்தைக் குடுத்தவங்கள்?" என்று அப்பா கேட்டார்.

"அடுத்த இரண்டு வருசத்து முதல் சுற்றுத் தெரிவும், ஒரு இரண்டாம் சுற்றுத் தெரிவும் அப்பா."

தெரிவு என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். ஒவ்வொரு வருடமும் பதினெட்டு வயதுப் பையன்களை அணிகள் முறை வைத்து எடுக்கும். ஏழு சுற்று. முந்திய வருடம் ஆகக் கீழே முடித்த அணிகள் முன்னால் எடுக்கும், மேலே முடித்தவை பின்னால். எடுத்த பையன் உடனே வரமாட்டான், இரண்டு மூன்று வருடம் ஆகும்.

அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப விதைநெல்லைக் குத்திச் சோறாக்கிப் போட்டாங்கள் எண்டு சொல்லு. அடுத்த போகத்துக்கு என்ன செய்யப் போறாங்கள்?" என்றார்.

வயல் செய்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைநெல் மூட்டையில் கை வைக்கக் கூடாது. அதில் கை வைத்தால் இன்றைக்கு வயிறு நிறையும், அடுத்த காலபோகத்துக்கு வயல் வெறுமையாகக் கிடக்கும். அந்த வருடம் லீஃப்ஸ் 30 அணிகளில் 29 ஆவதாக முடித்தது. அந்தத் தோல்விக்குக் கூலியாக வந்திருக்க வேண்டிய இரண்டாவது தெரிவு பொஸ்டனுக்குப் போனது. அவர்கள் எங்கள் பக்கத்து பிராம்ப்டன் பையன் டைலர் செய்கினை எடுத்தார்கள். அடுத்த வருடம், 2011 இல், பொஸ்டன் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது அந்த அணியில் செய்கின் இருந்தார். அதே மாதம் எங்களிடமிருந்து போன இரண்டாவது முதல் சுற்றுத் தெரிவில் டூகி ஹமில்டனையும் எடுத்தார்கள்.

கெசலில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வருடா வருடம் கோல் அடித்தார். ஆனால் அவருக்குப் பின்னால் வளர்ந்து வர யாரும் இல்லை.

கொப்பியின் 2011 ஆம் பக்கத்தைத் திறந்தால் இன்றைக்கும் வயிறு எரியும். அந்த வருடம் எங்களிடம் 30 ஆவதும் 39 ஆவதுமாக இரண்டு தெரிவுகள் இருந்தன. இரண்டையும் அனஹைமுக்குக் கொடுத்து 22 ஆவது இடத்துக்கு ஏறினார்கள், டைலர் பிக்ஸ் என்ற பையனுக்காக. உயரம், உடல் பலம் எல்லாம் இருந்தது. இந்த அணிகள் ஆடும் என்ஹெச்எல் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அனஹைம் அந்த இரண்டு தெரிவுகளில் ரிக்கார்ட் ராக்கெலையும் கோல்காப்பாளர் ஜோன் கிப்சனையும் எடுத்தது. இருவரும் நீண்ட காலம் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ட்ராஃப்ட் என்பது கணிப்பு. பதினெட்டு வயதுப் பையன் இருபத்தைந்தில் எப்படி இருப்பான் என்பதைப் பெற்ற தாயாலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஒரு பெரிய விதையை நம்பி இரண்டு சிறிய விதையைக் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. கை நிறைய எடுத்து விதை. சிலது முளைக்கும்.

2013 மே 13 பற்றி நீட்டி எழுத மனம் வரவில்லை. பிளேயோஃப் என்ற வெளியேற்றுச் சுற்று, பொஸ்டனில் ஏழாவது ஆட்டம், மூன்றாம் பகுதியில் 4-1 என்று நாங்கள் முன்னணி. பொஸ்டன் ஒரு கோல் அடித்தது, பிறகு கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள், 31 விநாடி இடைவெளியில் இன்னும் இரண்டு. ஓவர்டைமில் பட்ரிஸ் பேர்ஜரோன் முடித்துவைத்தார். பேர்ஜரோன் 2003 இல் 45 ஆவது தெரிவாக பொஸ்டன் எடுத்த பையன். அதை மட்டும் கொப்பியின் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

2014 இல் பிரெண்டன் ஷனஹான் லீஃப்ஸ் நிர்வாகத்தின் தலைவராக வந்தார். நான் இத்தனை வருடம் காத்திருந்த வேலையை அவர்தான் தொடங்கினார்: வீட்டை முழுதாக இடித்துக் கட்டுவது. 2015 இல் பயிற்றுநராக வந்த மைக் பாப்கொக் முதல் நாளே, வலி வரப்போகிறது, இல்லை என்று நினைக்காதீர்கள் என்ற கருத்தில் பேசினார். ரொறன்ரோவில் அப்படி வெளிப்படையாகச் சொல்ல யாருக்கும் தைரியம் இருந்ததில்லை. இங்கே கடைசிக் கோப்பை 1967 இல். அரங்கம் தோற்றாலும் நிறையும், அதனால் பொறுமையாகக் கட்டியெழுப்ப எந்த முதலாளிக்கும் அவசியம் இல்லை. ஜூலை 1 இல் கெசலை பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பினார்கள். அடுத்த பெப்ரவரியில் ஆடுகள அணித்தலைவர் டியோன் ஃபனோஃப் ஒட்டாவாவுக்குப் போனார்.

இந்த ஆட்டத்தில் இளைஞர்களை வளர்ப்பதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. 2005 இலிருந்து எல்லா அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. பணக்கார அணி என்பதற்காக எல்லா நட்சத்திரங்களையும் வாங்கிக் குவிக்க முடியாது. ஆனால் ட்ராஃப்டில் எடுத்த பையனின் முதல் மூன்று வருட அடிப்படைச் சம்பளம் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லியன் டொலர்தான். அந்தச் சம்பளத்தில் ஒருவன் நட்சத்திரமாக ஆடினால், மிச்சப் பணத்தில் அணியின் மற்ற ஓட்டைகளை அடைக்கலாம். ஆகவே முதல் மூன்று வருடம் மீண்டும் வராத பொற்காலம்.

2015-16 இல் 82 ஆட்டத்தில் 29 வெற்றி, 69 புள்ளி, 30 அணிகளில் ஆகக் கடைசி. நான் ஏறக்குறைய எல்லா ஆட்டமும் பார்த்தேன். தோற்கும்போது வேதனைதான். ஆனால் இம்முறை தெரிவு எங்கள் கையில் இருந்தது, அதனால் வேதனையைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. அப்பாவும் பார்த்தார். "இது உழவுக் காலம்," என்றார்.

கடைசியாக முடித்தால் முதல் தெரிவு நிச்சயம் என்றும் இல்லை. சீட்டுக் குலுக்குவார்கள். எங்களுக்கு முதல் இடம் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இருபதுதான், நான்காவது இடம் வரை வழுக்கியிருக்கலாம். 2016 ஏப்ரல் 30, ஒரு சனிக்கிழமை. அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார்கள். கடைசி அட்டையில் நீல இலை. அப்பா எழுந்து நின்று கை தட்டினார். யாருக்காகத் தட்டுகிறார் என்பது அவருக்கே அப்போது தெரியாது.

யாருக்காக என்றால், ஒஸ்டன் மத்தியூஸுக்காக. அரிசோனாவில், பாலைவனத்தில் வளர்ந்த பையன். அம்மா மெக்சிகோவைச் சேர்ந்தவர். 1997 செப்டெம்பர் 17 இல் பிறந்தவர். செப்டெம்பர் 15 எல்லைத் திகதி, இரண்டே இரண்டு நாள் பிந்தியதால் 2015 ட்ராஃப்டில் சேர முடியவில்லை. அந்த ஒரு வருடத்தை சூரிச்சில், வளர்ந்த ஆண்களோடு தொழில்முறை ஹொக்கி ஆடிக் கழித்தார். இரண்டு நாள் முந்திப் பிறந்திருந்தால் அவர் வேறு எந்த ஊர்ச் சட்டையிலோ இருந்திருப்பார்.

அதற்கு முந்திய வருடம் நான்காவது தெரிவாக வந்தவர் மிட்ச் மார்னர், எங்கள் ஆட்கள் நிறைந்திருக்கும் மார்க்கமில் பிறந்தவர். அதற்கும் முந்தி 2014 இல் எட்டாவதாக வில்லியம் நைலாண்டர், 2012 இல் ஐந்தாவதாக மோர்கன் ரைலி. மார்னரை எடுத்த உடனே இறக்கவில்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். மெலிந்த உடம்பு. திரும்பவும் லண்டன் நைட்ஸ் ஜூனியர் அணிக்கே அனுப்பினார்கள். அங்கே 57 ஆட்டத்தில் 116 புள்ளி (அடித்த கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) எடுத்து, அணியோடு மெமோரியல் கோப்பையும் வென்று வந்தார். நாற்று முற்றாமல் பிடுங்கி நட்டால் பயிர் மஞ்சளாகிவிடும். அந்த ஒரு வருடப் பொறுமை லீஃப்ஸ் வரலாற்றில் அபூர்வம்.

2016 ஒக்டோபர் 12, ஒட்டாவா. மத்தியூஸின் முதல் ஆட்டம். நாலு கோல். நவீன காலத்தில் முதல் ஆட்டத்தில் நாலு கோல் அடித்தவர் வேறு யாரும் இல்லை. இரண்டாவது கோலை யோசித்துப் பார்க்கிறேன்: எதிரணி ஆட்டக்காரர்களுக்கு நடுவே பக்கை இழந்து, பறித்து, திரும்ப இழந்து, திரும்பப் பறித்து, யாரும் எதிர்பாராத கோணத்தில் உள்ளே போட்டது. அரங்கில் அவருடைய அம்மா அழுவதைக் கமரா காட்டியது. எங்கள் வீட்டில் என் அம்மா சமையலறையிலிருந்து வந்து, "ஏன் அந்தப் பிள்ளை அழுகுது?" என்று கேட்டார். லீஃப்ஸ் அன்று ஓவர்டைமில் 5-4 என்று தோற்றது. கடைசிக் கோல் முழுக்க என் பிழை என்று அந்தப் பத்தொன்பது வயதுப் பையன் சொன்னார். நாலு கோல் அடித்த இரவில் அப்படிச் சொல்கிறவனை நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

அந்த வருடம் அணியின் 69 புள்ளி 95 ஆனது. மத்தியூஸ் 40 கோல், மார்னரும் நைலாண்டரும் தலா 61 புள்ளி. பிளேயோஃப் முதல் சுற்றில் வொஷிங்டனிடம் தோற்றோம், ஆறு ஆட்டத்தில் ஐந்து ஓவர்டைமுக்குப் போனது. தோற்றும் சந்தோஷமாக நித்திரை கொண்ட ஒரே வசந்தம் அது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். லீஃப்ஸ் நல்ல பையன்களை எடுக்கத் தவறியதாகப் பலர் பேசுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எடுத்த நாலு பேரும் அருமையானவர்கள். பிழை அதன் பிறகுதான் நடந்தது. ஒரே ஒரு போகம் நன்றாக விளைந்ததும், இனி விதை தேவையில்லை என்று நினைத்துவிட்டார்கள்.

2018 ஜூலையில் ஜோன் தவாரெஸ் வந்தார். ஏழு வருடம், 77 மில்லியன். அப்புறம் மத்தியூஸும் மார்னரும் புது ஒப்பந்தம் போட்டார்கள். கோவிட் வந்ததும் உச்சவரம்பு 81.5 மில்லியனிலேயே நின்றுவிட்டது. நைலாண்டரும் சேர்ந்து நாலு பேருக்கே ஏறக்குறைய பாதிப் பணம். அப்படியான அணிக்குத்தான் மலிவான இளம் ஆட்டக்காரர்கள் தண்ணீர் போல வந்துகொண்டே இருக்க வேண்டும். நாங்களோ வாய்க்காலை அடைத்தோம். 2019 முதல் சுற்றுத் தெரிவு ஜேக் மஸினுக்காக லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போனது. 2020 தெரிவு போன விதம் இன்னும் கொடுமை: பட்ரிக் மார்லோவின் மூன்றாம் வருடச் சம்பளத்தைத் தலையிலிருந்து இறக்குவதற்காக, அவரோடு சேர்த்து கரோலைனாவுக்கு அதைக் கொடுத்தார்கள். அந்த 13 ஆவது தெரிவில் கரோலைனா எடுத்தது சேத் ஜார்விஸை. 2023-24, 2024-25 இரண்டு பருவத்திலும் முப்பதுக்கு மேல் கோல் அடித்தவர். 2021 தெரிவு நிக் ஃபொலினோவுக்காக கொலம்பஸுக்கு. காயத்தோடு போராடிய அவர் எங்களுக்கு ஏழு வழக்கமான ஆட்டமும் நாலு பிளேயோஃப் ஆட்டமும் ஆடினார்.

அந்த 2021 இல் லீஃப்ஸிடம் ஏழு சுற்றுக்கும் சேர்த்து மூன்றே மூன்று தெரிவுகள். கொப்பியில் அந்தப் பக்கம் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும், மூன்று வரி. ஆனால் அதில் முதல் வரி, 57 ஆவது தெரிவு, மத்தியூ நைஸ். 2024-25 இல் 29 கோல். மூன்று விதையில் ஒன்று இப்படி முளைத்தால், கையில் இருந்த அத்தனையையும் விதைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. டம்பாவைப் பாருங்கள். நிக்கித்தா குச்செரோவ் 58 ஆவது தெரிவு, பிரேடன் பொய்ன்ட் 79 ஆவது. எங்களை 2022 இல் ஏழாவது ஆட்டத்தில் வெளியேற்றிய அணியின் முதுகெலும்பு இரண்டாம் மூன்றாம் சுற்றில் வந்தது. மறுபக்கம் எட்மன்டன் ஆறு வருடத்தில் நாலு முறை முதல் தெரிவு வைத்திருந்தும் வருடக்கணக்கில் தடுமாறியது. முதல் தெரிவு ஒரு மரத்தைத்தான் தரும்.

இதற்கு மறுபேச்சும் உண்டு. மத்தியூஸ் உச்சத்தில் இருக்கும்போது கோப்பைக்கு முயலாமல் பதினெட்டு வயதுப் பையன்களுக்காகக் காத்திருப்பதா என்று என் நண்பன் ஒருவன் வாதாடுவான். நியாயம்தான். 2023 இல் ரையன் ஓரைலிக்காக முதல் தெரிவைக் கொடுத்தபோது நானே சரி என்றேன். அந்த ஏப்ரலில் தவாரெஸ் ஓவர்டைமில் டம்பாவை முடித்தபோது, 19 வருடத்துக்குப் பிறகு ஒரு சுற்றை வென்றோம். நடுச்சாமத்தில் ஸ்காபரோவில் ஹோர்ன் சத்தம் கேட்டது. அதற்காக நான் வருத்தப்படவில்லை. ஒரு வருடம் கொடுக்கலாம். வருடா வருடம் கொடுப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நசெம் கத்ரி பெயருக்குப் பக்கத்தில் நிறைய எழுதியிருக்கிறேன். 2009 ஏழாவது தெரிவு, ஒன்ராரியோ லண்டன், லெபனானிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. எங்களைப் போன்ற பெயர் உச்சரிக்கக் கஷ்டமான பிள்ளைகளுக்கு அவர் எவ்வளவு பெரிய ஆள் என்பதை வெளியிலிருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். இரண்டு வருடம் தொடர்ந்து பொஸ்டனுக்கு எதிரான பிளேயோஃபில் கோபத்தில் தடை வாங்கினார். 2019 இல் கொலராடோவுக்கு அனுப்பிவிட்டார்கள். 2022 இறுதியில் அவர் ஓவர்டைம் கோல் அடித்தார், கோப்பையை வென்றார், அதை லண்டன் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனார். எட்டுத் திக்கிலிருந்தும் வந்த பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்த படங்களை நான் பார்த்தேன். நாங்கள் வளர்த்த பயிர், வேறு வயலில் அறுவடை.

இன்னொரு பெயர். 2020, 15 ஆவது தெரிவு, ரோடியோன் அமிரோவ். கஸ்பெரி கப்பனெனை பிட்ஸ்பர்க்குக்குக் கொடுத்து வாங்கிய தெரிவு. உஃபாவின் சலவாத் யுலாயெவ் அணியில் ஆடிய மென்மையான இடதுபுறத்து ஆட்டக்காரன். அவன் ஆட்டத் துண்டுகளை இரவிரவாகத் தேடிப் பார்த்திருக்கிறேன். 2022 இல் மூளையில் கட்டி என்று செய்தி வந்தது. 2023 ஓகஸ்டில் இறந்துபோனான். இருபத்தொரு வயது. ரொறன்ரோவுக்காக ஒரு ஆட்டமும் ஆடவில்லை. அவன் பெயருக்குப் பக்கத்தில் மரணத் திகதியை எழுத என்னால் முடியவில்லை. அந்த இடத்தில் அப்பா ஒரு சின்னப் பூவை வரைந்து வைத்தார். "ப்ரொஸ்பெக்ட்", அதாவது நாளைய ஆட்டக்காரன், என்று நாங்கள் அட்டவணை போட்டுப் பேசும் ஒவ்வொரு பெயரும் யாரோ ஒருவருடைய பிள்ளை என்பதை அந்தப் பக்கம் எனக்கு ஒவ்வொரு முறையும் சொல்லும்.

2025 மார்ச்சில் பிரண்டன் கார்லோவை வாங்கினார்கள், பொஸ்டனிடமிருந்து. கொடுத்தது 2022 இல் 38 ஆவதாக எடுத்த ஃபிரேசர் மின்டனும், சில நிபந்தனைகளோடு 2026 முதல் தெரிவும். 2027 முதல் தெரிவும் நிபந்தனையோடு ஸ்கொட் லோட்டனுக்காக பிலடெல்பியாவுக்குப் போயிற்று. செய்தியைப் படித்துக் காட்டியபோது அப்பா, "திரும்பவும் அதே பொஸ்டனுக்கோ?" என்று மட்டும் கேட்டார். மே மாதம் ஃபுளோரிடாவிடம் ஏழாவது ஆட்டத்தில் 6-1 என்று தோற்றோம். ஷனஹானின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஒன்பது பிளேயோஃப், இரண்டு சுற்று வெற்றி. ஜூன் 30 இல் மார்னர் வேகஸுக்குப் போனார்.

அதற்கு மூன்று நாள் முன்னர் ட்ராஃப்ட். முதல் சுற்றில் எங்கள் தெரிவு சிக்காகோவிடம் இருந்தது. மகளுக்குப் பதினொரு வயது, அவளும் பார்க்க வந்து இருந்தாள். 32 பெயர்கள் வந்து போயின. "எங்கட முறை எப்ப அப்பா?" என்று இரண்டு முறை கேட்டாள். இன்றைக்கு இல்லை, நாளைக்கு என்றேன்.

அடுத்த நாள் 64 ஆவது தெரிவாக நோர்வே நாட்டுப் பையன் ஒருவனை எடுத்தார்கள். டினுஸ் லுக் கொப்லார். அப்போது சுவீடனில் லெக்சான்ட் அணியில் ஆடிக்கொண்டிருந்தான். கொப்பியை எடுத்து மகளிடம் கொடுத்தேன். இந்த முறை அவளே எழுதினாள், கொஞ்சம் கோணலாக. லெக்சான்ட் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தாள். பிறகு அவன் எப்போது இங்கே வருவான் என்று கேட்டாள்.

"நாலு வருசம் ஆகலாம்."

"அப்ப எனக்குப் பதினஞ்சு," என்றாள், பேனையை மூடிக்கொண்டு.